மாங்காய்க் கொள்முதல் கோப்பைச் சீர்செய்ய ஷெல் போதுமா?

காவேரிப்பட்டினத்தான்:
கிருஷ்ணகிரி அருகே மாங்கூழ் ஆலை ஒன்றின் பில் மென்பொருளிலிருந்து இறக்கிய கோப்பில் தேதி, ஊர், முகவரி, ரகம், எடை என ஐந்து புலங்கள் காற்புள்ளியால் பிரிக்கப்பட்டுள்ளன. பெங்களூரா ரகத்துக்கு ஊர்வாரியாக மொத்த எடை வேண்டும். கட்டளைகளைத் தட்டி இயக்கும் ஷெல்லில், வரிகளைத் தேடியெடுக்கும் கிரெப்பால் (grep) ரகத்தை வடித்து, புலம் புலமாகக் கணக்கிடும் ஆக்கில் (awk) ஊரைச் சாவியாக வைத்து ஐந்தாம் புலத்தைக் கூட்டி, வரிசைப்படுத்தும் சார்ட்டுக்கு (sort) அனுப்பினால் ஒரே வரியில் வேலை முடிகிறது. 1977-இல் பெல் ஆய்வகத்தில் ஆக் பிறந்ததே இத்தகைய வேலைக்குத்தான். இதற்குப் பைதான் நிரல்மொழி எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

ஓசூர் நிரலர்:
வரி ஒன்றுதான், விடை சரியா என்பதே கேள்வி. முகவரிப் புலத்தில் மேற்கோள் குறிக்குள் "சந்தூர், போச்சம்பள்ளி வழி" என்று இருந்தால், ஆக் அந்தக் காற்புள்ளியிலும் வெட்டிவிடும். அந்த வரியில் ஐந்தாம் புலமாக எடைக்குப் பதில் ரகத்தின் பெயர் வந்து நிற்கும். எழுத்தைக் கூட்டச் சொன்னால் ஆக் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு, பிழைச் செய்தி ஏதுமின்றி அந்த விவசாயியின் எடையை மொத்தத்திலிருந்து விழுங்கிவிடும். முரண்டு பிடிக்கும் நிரலைவிட அமைதியாகத் தப்பாகக் கூட்டும் நிரல் ஆபத்தானது. காற்புள்ளியால் பிரித்த கோப்புகளுக்கான பைதானின் சிஎஸ்வி (CSV) தொகுதி இந்த மேற்கோளைச் சரியாகப் படிக்கும்.

காவேரிப்பட்டினத்தான்:
ஆக்கின் குனு வடிவமான ஜிஆக்கில், 2023-இல் வெளிவந்த 5.3 பதிப்பிலேயே சிஎஸ்வி தெரிவு வந்துவிட்டது, ஐயா. பழைய பதிப்பு உள்ள கணினியாக இருந்தாலும், புல எண்ணிக்கை ஐந்தாக இல்லாத வரிகளைத் தனிக் கோப்பில் ஒதுக்கிவிட்டு மீதியைக் கூட்டலாம். ஒதுங்கியவற்றைக் கண்ணால் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

பாலக்கோட்டார்:
இருவரும் காற்புள்ளியிலேயே நிற்கிறீர்கள். தமிழ் எழுத்துகளை யாரும் தொடவில்லை. "போச்சம்பள்ளி" என்பதில் உள்ள ஓகாரக் குறியை யுனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆக்குக்கோ அவை இரண்டு வெவ்வேறு ஊர்கள். எனவே முதலில் ஐசியு என்ற யுனிகோடு நிரல் தொகுப்பிலுள்ள யூகான்வ் (uconv) கருவியால் எல்லாவற்றையும் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது இத்தகைய குறியை ஒரே குறியீடாக எழுதும் வடிவத்துக்கு, கொண்டுவர வேண்டும். பெயருக்குப் பின்னால் ஒட்டிய இடைவெளியை, உரையைத் திருத்தும் செட் (sed) கருவி கழித்துவிடும். தமிழ் எழுத்தை மாற்ற, எழுத்துக்கு எழுத்து மாற்றும் டிஆர் (tr) கருவியின் பக்கம் மட்டும் போகாதீர்கள்: யுனிகோடைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகள், குனு டிஆரோ பைட் பைட்டாக மாற்றுவது, எழுத்து சிதைந்துவிடும். மேலும், பெங்களூராவைக் கிளிமூக்கு என்று எழுதும் பில் ஒன்றாவது இருக்கும்; கிரெப்பில் இரண்டு பெயர்களையும் கொடுங்கள்.

ஓசூர் நிரலர்:
யூகான்வ், செட், கிரெப், ஆக் என்று இத்தனை அடுக்கிய பிறகும் அது ஒரே வரியா? அடுத்த பருவத்தில் ஆலைக் கணக்கர் இதைத் திறந்து பார்த்தால் எதைத் திருத்துவது என்று அவருக்கு எப்படிப் புரியும்?

காவேரிப்பட்டினத்தான்:
ஒரே வரி என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. ஒவ்வொரு படியையும் குறிப்புரையுடன் தனித்தனி வரியாக ஒரு ஷெல் கோப்பில் எழுதி வைக்கலாம். கூட்டிய வரிகள், ஒதுக்கிய வரிகள், வேறு ரக வரிகள் ஆகிய மூன்றின் எண்ணிக்கையும் சேர்ந்து மூலக் கோப்பின் வரி எண்ணிக்கைக்குச் சமமாக இல்லையென்றால் ஷெல் கோப்பு நின்றுவிட வேண்டும் என்ற நிபந்தனையையும் கடைசியில் சேர்த்துவிடுகிறேன்.