ஆடி 1-க்குத் தேங்காய் சுடணும்: போன வருஷம் ஒன்று வெடித்தது, ஒன்று வேகவே இல்லை

அம்மாபேட்டை தறிவீடு:

எல்லோருக்கும் வணக்கம். ஆடி பிறக்க இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கிறது. மகளுக்குத் தை மாதம் கல்யாணம் ஆனது, இது தலையாடி. நாங்கள் சேலம், மாப்பிள்ளை திருநெல்வேலிப் பக்கம். "ஆடி ஒண்ணு அன்னைக்கு எங்க ஊர்ல தேங்காய் சுடுவோம்" என்று போனில் சொன்னேன். "சுட்டு என்ன செய்வீங்க மாமா?" என்று கேட்டார். தின்போம் என்றேன். வேறென்ன சொல்ல? பாரதப் போர் ஆடி 1-இல் ஆரம்பித்து 18-இல் முடிந்தது, பாண்டவர்கள் ஜெயிக்க வேண்டும் என்று சுட்டுப் படைத்தார்கள் என்று அம்மா சொன்ன கதையையும் சொல்லி வைத்தேன். என் வீட்டுக்காரி மதுரை. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆகியும், "எங்க பக்கம் தேங்காயை உடைப்பாங்க, இங்கதான் கொளுத்துறாங்க" என்கிற பேச்சு நிற்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் தேங்காய்க்குள் போடுவது அம்மா வேலை, நெருப்பில் காட்டுவது பையன்கள் வேலை. மதியமே நாங்கள் மூன்று பேரும் தேங்காயை வாசல் படிக்கல்லில் தேய்க்க உட்கார்ந்துவிடுவோம். ஒரு நார் நிற்கக்கூடாது, ஓடு மொழுமொழு என்று ஆகணும். அதை வாங்கிக்கொண்டு அம்மா உள்ளே போவாள். திரும்பி வரும்போது மஞ்சள் பூசி, குச்சி செருகி இருக்கும். சாயங்காலம் தெருவே வரிசையாகக் குச்சியை நீட்டிக்கொண்டு நிற்கும். ஆக நெருப்பு எனக்குத் தெரியும், உள் சமாசாரம் தெரியாது. அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது.

போன வருஷம் நானே மூன்று காய் போட்டேன். முதல் காய் ஐந்தாவது நிமிஷம் டப்பென்று வெடித்தது. பாகு எதிர்வீட்டு ஸ்கூட்டர் சீட் வரைக்கும் போய் விழுந்தது. இரண்டாவது வெளியே கரிக்கட்டை, உடைத்துப் பார்த்தால் பயறு பல்லை உடைக்கிறது. மூன்றாவது வெந்திருந்தது, ஆனால் முழுக்கப் புகை நாற்றம்.

இப்போது பீரோவைக் குடைந்ததில் அப்பாவின் தறிக் கணக்கு நோட்டு கிடைத்தது. பாவு வாங்கின தேதி, கூலி பாக்கி என்று அப்பா எழுதின தாளுக்குப் பின்பக்கம் அம்மா பென்சிலில் எழுதி வைத்திருக்கிறாள். அப்படியே தருகிறேன்:

"அவல் 1 கை. பொ.கடலை 1 கை. ப.பயறு அரைக் கை வறுத்து. எள் கொஞ்சம். வெல்லம் நுணுக்கி. தண்ணி பாதி. முக்கால் மட்டும்."

அந்த "முக்கால் மட்டும்" எதைச் சொல்கிறது? தண்ணீரையா, வெல்லத்தையா, வேகிற நேரத்தையா? ஒரு வாரமாக மண்டை காய்கிறது. இன்னொன்று, இப்போது இருப்பது அடுக்குமாடி வீடு. மொட்டை மாடியில் சுடலாமா, கேஸ் அடுப்பிலேயே ஆகுமா?

செவ்வாய்பேட்டை அத்தை:

தம்பி, உங்கள் அம்மா தெளிவாகத்தான் எழுதியிருக்கிறார். நீங்கள்தான் இந்தக் காலத்து "மட்டும்" என்று படிக்கிறீர்கள். கழுத்து மட்டும் தண்ணீர் என்று சொல்வதில்லையா? அந்த மட்டும். முக்கால் வரைக்கும் நிரப்பு, மேலே கால் பங்கை விட்டுவிடு என்கிறார். அவல் ஊறினால் உப்பும், பயறு வெந்தால் உப்பும், தண்ணீர் கொதித்தால் ஆவி கிளம்பும். கண் வரை திணித்துக் குச்சியையும் இறுக்கி அடித்தால் அது போக வழி எங்கே? ஸ்கூட்டருக்குத்தான் போகும்.

அவர் எழுதாமல் விட்டது இரண்டு. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டிருப்பார்.

பச்சைப் பயறை வறுத்தால் மட்டும் போதாது (இது இந்தக் காலத்து மட்டும்). வாசம் வர வறுத்து, ஆறினதும் ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, வடித்து, துணியில் பரத்தி ஈரம் போக வையுங்கள். பயறு பல்லை உடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது வரிசை. தேங்காய்க்கு மூன்று கண், அதில் ஒன்றுதான் இளசு. ஆணியால் குத்தினால் எது என்று தெரிந்துவிடும். அதைச் சுண்டுவிரல் நுனி போகிற அளவுக்குத் தோண்டி, தண்ணீர் முழுவதையும் டம்ளரில் வடித்துவிட வேண்டும். ஒரு சொட்டுகூட உள்ளே வேண்டாம். முதலில் பயறு, அப்புறம் பொட்டுக்கடலை, எள், அவல், கடைசியாகத் தூள் வெல்லம், ஒரு சிட்டிகை ஏலக்காய். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டிக் கண்ணில் வைத்துப் போட்டு, ஈர்க்குச்சியால் குத்திக் குத்தி இறக்குங்கள். எல்லாம் போன பிறகுதான் வடித்த தண்ணீரில் பாதியைத் திரும்ப ஊற்ற வேண்டும். தண்ணீரோடு அவலைப் போட்டால் கண்ணிலேயே ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும், அப்புறம் நோண்டுவதற்குள் பொழுது விடிந்துவிடும். மீதித் தண்ணீர் வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அதற்கு.

வெல்லத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இங்கே மண்டிக்கு ஓமலூர், காமலாபுரம் பக்கத்திலிருந்து வெல்லம் வருகிறது. பளபள என்று வெளுத்துக் கிடப்பதை எடுக்காதீர்கள். கருத்து, கொஞ்சம் கசிகிற மாதிரி இருக்கிறதே, அதுதான் தேங்காய்க்குள் இளகும்.

புகை நாற்றம் அடித்த காயை நிச்சயம் படிக்கல்லில் எங்கேயோ இடித்திருப்பீர்கள். முடி அளவு கீறல் போதும், புகை உள்ளே இறங்கிவிடும். ரொம்ப முற்றின காயும் வேண்டாம், காதோரம் ஆட்டினால் தண்ணீர் நன்றாகச் சலசலக்க வேண்டும்.

குகைக்காரன்:

அத்தை சொல்வதில் ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. ஊறவைத்த பயறு போட்டால் உள்ளே கூழ் மாதிரி ஆகிவிடும். எங்கள் வீட்டில் பயறை வறுத்து, திருகையில் ஒரு சுற்று உடைத்து, தோலைப் புடைத்துவிட்டுப் போடுவோம். ஊறவே வேண்டாம், தண்ணீர் அதையே வேகவைத்துவிடும். கூடவே ஒரு பிடி பச்சரிசி. தின்றால் பொங்கல் மாதிரி இருக்கும்.

குச்சி பற்றி யாரும் சொல்லவில்லையே? அழிஞ்சிக் குச்சிதான் முறை. பச்சைக் குச்சி சீக்கிரம் தீப்பிடிக்காது, வேகும்போது அதன் வாசமும் உள்ளே இறங்கும். ஆடிக்கு இரண்டு நாள் முன்னால் கடைவீதியில் கட்டுக் கட்டாக வந்துவிடும், தோலைச் சீவி நுனியைக் கூராக்கி மஞ்சள் தடவிச் செருகுவோம். கிடைக்காத வருஷம் கொய்யாக் குச்சி வைத்திருக்கிறோம். ஆனால் நேராக இருக்கிறதே என்று அரளிக் குச்சியை ஒடித்துவிடாதீர்கள், அது விஷம்.

ஆத்தூரான்:

நான் ஒரு கூத்து செய்தேன், யாரும் செய்ய வேண்டாம். சேலம் ஜில்லாக்காரன், சேகோ ஆலைகளுக்கு நடுவில் வளர்ந்தவன், ஜவ்வரிசி போட்டால் என்ன என்று அவலுக்குப் பதில் போட்டேன். உடைத்தால் உள்ளே கோந்து. போஸ்டர் ஒட்டலாம். பாட்டி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, நல்ல தேங்காய் போயிற்றே என்று.

பெங்களூர் வாடகை வீடு:

கேஸ் அடுப்பில் சுடலாம், நான் சுட்டிருக்கிறேன். காய் வெந்தது. ஆனால் கண் வழியாகப் பாகு கசிந்து பர்னர் துளையில் இறங்கிக் கல்லாகிவிட்டது. ஒரு வாரம் ஊசியால் குத்திக்கொண்டிருந்தேன். வீட்டு ஓனர் வந்து "என்ன எரியுது?" என்று கேட்டது தனிக் கதை. மாடி இருந்தால் மாடிக்கே போய்விடுங்கள்.

ஏற்காட்டுக்காரன்:

நெருப்பு தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஐந்து நிமிஷத்தில் வெடித்திருக்கிறது, இன்னொன்று வெளியே கரிந்து உள்ளே வேகவில்லை. இரண்டையும் கொழுந்துவிட்டு எரிகிற தீயில் நேரே நீட்டியிருக்கிறீர்கள். சின்ன வயதில் தெரு முழுக்க மட்டையும் பன்னாடையும் எரியும், பார்க்க ஜோராக இருக்கும், ஆனால் அந்தத் தீ அணைந்த பிறகுதான் காய் வெந்திருக்கும். யோசித்துப் பாருங்கள், பெரியவர்கள் "இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம்" என்று உங்களைத் தணலில் காட்ட வைத்திருப்பார்கள்.

எங்கள் குளிருக்குத் தென்னை சரிவராது. காய் கீழேயிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் வர வேண்டும், அதனால் ஒன்றைக்கூட வீணாக்க மாட்டோம். ஆடியில் இங்கே மழையும் சாரலும், வாசலில் நெருப்பு நிற்காது. அடுப்படியில்தான் சுடுவோம். காபிச் செடி கவாத்து செய்த கட்டையை எரவாணத்தில் செருகி வைத்திருப்பாள் என் மனைவி. நன்றாகக் காய்ந்திருந்தால் கெட்டியான தணல் விழும். விறகு எரிந்து முடித்துச் சிவப்பாக, மேலே லேசாகச் சாம்பல் பூத்த பிறகுதான் காயைக் காட்ட ஆரம்பிப்போம். தணலிலிருந்து நாலு விரல் உயரம். கை ஓயாமல் குச்சியை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

நேரம் கேட்டால் அரை மணிக்கு மேல் ஆகும். ஆனால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், குச்சியின் அடியைப் பாருங்கள். முதலில் மஞ்சள் கருகும். அப்புறம் ஓடு மினுமினுப்புப் போய்க் கரியாகும். பிறகு குச்சி செருகின இடத்தில் பழுப்பாக நுரை கட்டும், புஸ் புஸ் என்று சத்தம் வரும். அந்த நுரை வற்றி வெல்லம் காய்கிற வாசனை வரும்போது விண்ணென்று ஓட்டில் ஒரு கீறல் விடும். உடனே எடுத்துவிட வேண்டும். ஒரு நிமிஷம் தாமதித்தாலும் பாகு கீறல் வழியாகத் தணலில் கொட்டும்.

முக்கியமாக, குச்சி முழங்கை நீளமாவது இருக்கட்டும். கிட்டே குனிந்து பார்க்க வேண்டாம், மாப்பிள்ளையையும் குனிய விடாதீர்கள்.

செவ்வாய்பேட்டை அத்தை:

ஏற்காட்டுத் தம்பி சொன்னது சரி. குகைத் தம்பிக்கு: கூழ் ஆவது தண்ணீர் அதிகம் ஊற்றுவதால், பயறால் இல்லை. பச்சரிசி உங்கள் வீட்டு வழக்கம், சரி. இவர் அம்மா நோட்டில் அரிசி இல்லை, அதனால் போடச் சொல்ல மாட்டேன்.

அம்மாபேட்டை தறிவீடு:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு காய் வைத்து ஒத்திகை பார்த்தேன்.

"மட்டும்" விஷயத்தைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. "இருட்டு மட்டும் தறியிலயே உக்காந்திருப்பார்" என்று அம்மா அப்பாவைப் பற்றிச் சொல்வது காதில் கேட்டது. எழுத்தில் பார்த்தபோது தோன்றவில்லை.

அம்மாவின் கை என் கையை விடச் சின்னது. அதனால் என் வீட்டுக்காரியின் கையால் அளந்தோம். பயறு அத்தை முறைப்படி, வறுத்து ஊறவைத்து. (குகை அண்ணன் மன்னிக்கணும், உங்கள் முறைப்படி இன்னொரு காய் போடுகிறேன்.) முக்கால் வந்ததும் நிறுத்தினேன். எப்படித் தெரிந்தது என்றால், ஈர்க்குச்சியை உள்ளே விட்டு நகத்தால் குறித்துக்கொண்டே இருந்தேன், வண்டியில் ஆயில் பார்க்கிற மாதிரி. அழிஞ்சி இன்னும் வரவில்லை, கீழே காம்பவுண்டில் இருக்கிற கொய்யாவில் ஒரு கிளை ஒடித்தேன்.

மாடியில் பழைய இரும்புச் சட்டியில் அடுப்புக்கரி. அணைந்து சிவக்கும் வரை காத்திருப்பதுதான் கஷ்டம், கை பரபரக்கிறது. முப்பத்தைந்தாவது நிமிஷம் நுரை வந்தது, நாற்பதில் கீறல். வெடிக்கவில்லை.

உடைத்ததில் பருப்பு ஓட்டை விட்டுத் தானாகக் கழன்று வந்தது. ஓட்டுப் பக்கம் பழுப்பு, உள்பக்கம் வெல்லம் ஏறின நிறம். அவலும் பயறும் ஒன்றாகக் கெட்டிப்பட்டு உருண்டையாக இருந்தது. மதுரைக்காரி ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் இன்னொரு துண்டு எடுத்தாள். அப்புறம், "எள்ளு இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்" என்றாள். இருபத்தாறு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

ஒரே குறை, பருப்பு நான் நினைத்த அளவு மெத்தென்று இல்லை. காய் கொஞ்சம் முற்றல் என்று நினைக்கிறேன். ஆடிக்கு ஆறு காய் எடுக்கப் போகிறேன், ஒவ்வொன்றையும் காதோரம் ஆட்டிப் பார்த்துத்தான். கடைக்காரர் ஏற்கெனவே ஒரு மாதிரிப் பார்க்கிறார்.

சின்னக்கடை வீதியில் அழிஞ்சிக் குச்சி வந்ததும் யாராவது இங்கே ஒரு வரி போடுங்கள்.