ரேஸ் சைக்கிளுக்கு ரெண்டு கிழமைக்குள்ள நாலு தரம் காத்துப் போட்டுது, என்ன செய்யலாம்?

பரந்தன்_பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் ஜப்பான் செகண்ட்ஹாண்ட் ரோட் பைக் ஒண்டு வாங்கினனான், 700x25 மெல்லிய ரயர், அகலம் 25 மில்லிமீற்றர்தான். காலமை வெயிலுக்கு முதல் வெளிக்கிட்டு ஏ9 ஆல ஆனையிறவு மட்டும் போய்த் திரும்புவன், ஞாயிற்றுக்கிழமை எண்டா ஏ35 ஆல விசுவமடுப் பக்கம். ஓட நல்ல சுகம், ஆனா ரெண்டு கிழமைக்குள்ள நாலு தரம் காத்துப் போட்டுது. முன்சில்லு ஒருதரம், தருமபுரத்துக்குக் கிட்ட மதகு ஒண்டில டொக் எண்டு இடிச்சுது, ரெண்டு நிமிசத்தில ரிம்மில ஓடுறன். பின்சில்லு மூண்டு தரம், அதுவும் கடையில ஒட்டிக்கொண்டு வந்து வைச்சா விடியப் பாக்க சப்பையாக் கிடக்கு. கடை அண்ணை சொல்லுறார் உந்த ரயர் எங்கட றோட்டுக்குச் சரிவராது தம்பி, வித்துப்போட்டு சாதாரண சைக்கிள் ஒண்டு வாங்கு எண்டு. கடைசியா நடந்ததுக்கு நாலு கட்டை உருட்டிக்கொண்டு வந்தனான், வழியில ஆடு மேய்க்கிற பெடியள் கூட நக்கலடிக்கிறாங்கள். ரயர் மாத்தோணுமா, இல்லாட்டி ஓட்டை அடைக்க மோட்டச்சைக்கிளுக்கு விடுற அந்தப் பச்சை ஜெல்லை விட்டாச் சரியா?

வவுனியா_சில்லு:
தம்பி ஜெல்லை விடுங்கோ பிறகு பாப்பம், முதல் ரியூப்பைக் கழட்டி ஓட்டை எங்க எண்டு பாருங்கோ. எல்லாரும் ஒட்டிப்போட்டு ஓடுறதிலதான் நிக்கினம், ஏன் போனது எண்டு ஆரும் பாக்கிறேல்ல, ஓட்டையே கதை சொல்லும். ரியூப்பில வெளிப்பக்கம், அதாவது றோட்டுப் பக்கம் ஒரு ஓட்டை எண்டா முள்ளு, கண்ணாடி, கம்பி ஏதோ ஒண்டு. பக்கத்துப் பக்கத்தில ரெண்டு வெடிப்பு, பாம்பு கடிச்ச மாதிரி எண்டா காத்துக் காணாது, இடிபடேக்க ரியூப் ரிம்முக்கும் ரயருக்கும் நடுவில நசிஞ்சிருக்கு. உட்பக்கம், ரிம்மைப் பாத்த பக்கம் ஓட்டை எண்டா முள்ளைத் தேடி மினக்கெடாதேங்கோ, பிழை ரிம்முக்குள்ள. வால்வு அடியில கிழிஞ்சிருந்தா பம்மை இழுத்துப் பறிச்சுக் கழட்டுறீங்கள்.

இன்னொண்டு, ரயரைப் பூட்டேக்க அதில எழுதியிருக்கிற பேரை வால்வுக்கு நேர வைச்சுப் பூட்டுங்கோ. வடிவுக்கில்லை. ரியூப்பில ஓட்டையைக் கண்டாப்பிறகு வால்வில இருந்து அளந்து ரயரில அதே இடத்தைத் தடவினா சாமான் அங்கதான் குத்திக்கொண்டு நிக்கும்.

காத்து எத்தினை பீஎஸ்ஐ அமுக்கத்துக்கு அடிக்கிறனீங்கள்?

பரந்தன்_பொடியன்:
அண்ணை மெய்யாச் சொன்னா அளக்கிறேல்ல. வீட்டில பழைய பம், பித்தளை அடாப்டர் ஒண்டு போட்டு அடிக்கிறது, பெருவிரலால அமத்திப் பாத்து கல்லு மாதிரி இருந்தா விடுறது. இப்ப கழட்டிப் பாத்தன். முன்னுக்கு நீங்கள் சொன்ன மாதிரியே ரெண்டு ஓட்டை. பின் ரியூப்பில மூண்டு ஒட்டும் உட்பக்கம்தான், ஒண்டுக்கொண்டு நாலு விரல் இடைவெளி கூட இல்லை. ஒரு ஒட்டு பக்கத்தால கிளம்பியும் இருக்கு.

ஒட்டுசுட்டான்_அக்கா:
அப்ப தம்பி பிழை உங்கட ரிம் ரேப்தான், ரிம்முக்குள்ள கம்பி ஓட்டையளை மூடிச் சுத்தியிருக்கிற நாடா. ஜப்பான் செகண்ட்ஹாண்ட் எண்டா எத்தினை வருசம் எங்க கிடந்ததோ, ரேப் காஞ்சு ஒருபக்கம் ஒதுங்கி கம்பி பூட்டுற ஓட்டை தெரியும், காத்து அடிக்க அடிக்க ரியூப் அந்த ஓட்டைக்குள்ள பிதுங்கி விளிம்பில வெட்டுப்படும். கறுப்பு இன்சுலேசன் ரேப் சுத்தாதேங்கோ, எங்கட வெயிலுக்கு பசை உருகி வழுக்கிப் போடும், நான் சுத்தி அழுதனான்.

கிளம்பின ஒட்டைப் பற்றியும் சொல்லுறன், என்ர பேரில ஒட்டு இருக்கிறபடியா எனக்கு உரிமை இருக்கு. கடையில அவசரத்துக்கு சொலூசனைப் பூசி ஈரத்தோடயே ஒட்டை வைச்சு அமத்திறவை. பெரிய ரயருக்கு அது தாங்கும், 80க்கு மேல காத்து நிக்கிற மெல்லிய ரியூப்பில தாங்காது. ரியூப்பைத் தேய்க்கேக்க மினுமினுப்புப் போய் சாம்பல் நிறமா வரோணும், நடுவில வரம்பு மாதிரி ஒரு கோடு ஓடுதெல்லே, ஓட்டைக்கு மேலால போனா அதையும் மட்டமாத் தேய்க்கோணும், இல்லாட்டி அந்தக் கோட்டாலயே காத்து ஊர்ந்து வரும். சொலூசன் ஒட்டைவிட அகலமா, மெல்லிசா. பிறகு அஞ்சு நிமிசம் சும்மா இருங்கோ, ஊதாதேங்கோ, எச்சில் பறக்கும். விரல் பின்பக்கத்தால தொட்டா ஒட்டக்கூடாது, அப்பதான் ஒட்டை வைச்சு நல்லா நசிக்கிறது. சொலூசன் இல்லாமல் ஸ்ரிக்கர் மாதிரி வாற ஒட்டு வீடு வந்து சேர மட்டும்தான்.

முள்ளுக்கதை எனக்கு நடந்தது. மாங்குளம் றோட்டில ஒரே கிழமைக்குள்ள மூண்டு தரம் ஒரே இடத்தில, ரயரைக் கையால தடவினா ஒண்டும் தெரியேல்ல, கண்ணுக்கும் தெரியேல்ல. பிறகு பஞ்சு கொஞ்சம் எடுத்து ரயருக்குள்ளால சுத்தி இழுத்தன், ஒரு இடத்தில பஞ்சு நூலாப் பிடிபட்டுது. பாத்தா தலைமயிர் மொத்தத்தில ஒரு கம்பி, லொறி ரயர் வெடிச்சா அதுக்குள்ள இருந்து சிதறுற கம்பி, குறட்டாலதான் இழுத்தெடுத்தன். றோட்டுக்கரையில கிழிஞ்ச லொறி ரயர் கிடந்தா கொஞ்சம் உள்ளால எடுத்து ஓடுங்கோ. மற்றது உந்த விடத்தல் முள்ளு, நெருஞ்சி. ஒழுங்கைக்குள்ள வேலி வெட்டிப் போட்டிருந்தா இறங்கி சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடக்கிறதுதான், வெக்கப்பட ஒண்டுமில்லை.

பழைய_ரலி:
பிள்ளையள், நான் இந்தச் சைக்கிளில அறுபது வயசு தாண்டினனான். ரியூப் கிடைக்காத காலத்தில நாங்கள் ரயருக்குள்ள பழைய ரயரை வெட்டி வைச்சு ஓடினனாங்கள், அதுக்குமேல ஒட்டுக்குமேல ஒட்டு, ரியூப்பைவிட ஒட்டுத்தான் கூட. முள்ளு என்ன ஆணி கூட ஏறாது. ஒரு மூட்டை நெல்லும் மனிசியும் ஏத்திக்கொண்டு முத்தையன்கட்டில இருந்து புதுக்குடியிருப்புக்குப் போனாலும் காத்துப் போகாது. தம்பியும் அப்பிடி ஒரு உள் ரயர் வைக்கலாமே. கடையில 28 இஞ்சி ரியூப்பும் கிடக்கு, அதைப் போட்டா மலிவு. ரிம்முக்கு இன்சுலேசன் வேண்டாம், ஆசுப்பத்திரியில காயத்துக்கு ஒட்டுற துணிப் பிளாஸ்ரர் ஒண்டரை சுத்து. வெயிலுக்குள்ள மட்டும் சைக்கிளை விடாத, வெடிக்கும்.

வவுனியா_சில்லு:
ஐயா பிளாஸ்ரர் நல்ல கதை, வெயிலுக்கு வழுக்காது, நானும் அதுதான் போடுறன். சுத்தேக்க வால்வு ஓட்டைக்கு மேல மட்டும் வெட்டி விடோணும். ஆனா மற்றது சரிவராது. உங்கட 28 இஞ்சி 635 மில்லிமீற்றர் ரிம், 700 எண்டு சொல்லுற உது 622. ரியூப் இழுபட்டு எப்பிடியும் ஏறும் எண்டு வைச்சாலும் அந்த மொத்த ரியூப் 25 ரயருக்குள்ள மடிஞ்சு, மடிப்பில தேய்ஞ்சு போகும். அதைவிட வால்கட்டை இந்த ரிம் ஓட்டையால போகாது, மெல்லிய வால்வுக்கு ரிம்மில ஆறு மில்லிமீற்றர் சொச்சம்தான் ஓட்டை, மற்றதுக்கு எட்டுக்கு மேல வேணும். ஆரும் துளைச்சுப் பெருப்பிக்கச் சொன்னா விடாதேங்கோ தம்பி. வெட்டின ரயர் வைச்சா அதின்ர விளிம்பே ரியூப்பை அரிக்கும், உங்கட காலத்தில காத்துக் குறைய, ஓட்டமும் மெதுவா, அதால தாங்கினது.

வெயிலுக்கு வெடிக்கிறது முழுக்கப் பொய்யுமில்லை. 30 பாகையில 85 அடிச்சு, ரயர் 60 பாகைக்குச் சுட்டாலும் 95 கிட்டத்தான் வரும். நல்ல ரயர் வெடிக்காது, பக்கம் வெடிச்ச பழைய ரயர் அல்லது ரிம்மில சரியா இருக்காத ரயர் வெடிக்கும்.

தம்பி, உங்கட பாரம் எழுபது கிலோ கிட்ட எண்டா பின்னுக்கு 85, முன்னுக்கு 80. ரயர் பக்கத்தில எழுதியிருக்கிறது ஆகக்கூடின அளவு, அவ்வளவு அடிக்கோணும் எண்டில்லை. பெருவிரலுக்கு 50ம் கல்லுத்தான் 90ம் கல்லுத்தான், நிலத்தில வைச்சு அடிக்கிற, மீற்றர் வைச்ச பம் ஒண்டு வாங்குங்கோ, ஜெல்லுக்குக் குடுக்கிற காசுக்கு உது எவ்வளவோ மேல். மெல்லிய ரியூப்பில காத்துத் தன்பாட்டிலயும் கசியும், கிழமைக்கு ஒருக்காவது அடியுங்கோ. பிறேக்குக்கும் சட்டத்துக்கும் இடையில இடம் இருந்தா அடுத்த ரயர் 28 மில்லிமீற்றர் அகலத்தில எடுங்கோ, பத்து பீஎஸ்ஐ குறைச்சே ஓடலாம், மதகில இடிச்சாலும் தாங்கும்.

இன்னொண்டு கேக்கிறன், கடையில ரயரை எதால கழட்டினவை?

பரந்தன்_பொடியன்:
ஸ்குறூ ட்றைவரால அண்ணை, ரெண்டு.

ஒட்டுசுட்டான்_அக்கா:
ஐயோ.

ரயர் கழட்டுற பிளாஸ்ரிக் லீவர் ரெண்டு வாங்கி பையில போடுங்கோ தம்பி, ஒரு புது ரியூப், ஒட்டுப் பெட்டி, சின்னப் பம். பூட்டேக்க கடைசித் துண்டு லீவர் இல்லாமல் கைப்பெருவிரலாலதான், ரயர் விளிம்பை ரிம்மின்ர நடுப் பள்ளத்துக்குள்ள தள்ளிக்கொண்டு வந்தா தளர்வு கிடைக்கும். வால்வுக்குப் பக்கத்தை ஆகக்கடைசியா விடுங்கோ. காத்து அடிக்க முதல் சுத்திவர ரியூப் எங்கயாவது எட்டிப் பாக்குதோ எண்டு பாருங்கோ.

பரந்தன்_பொடியன்:
மூண்டு கிழமையாப் போச்சு, சொல்ல வந்தனான். ரேப்பைக் கழட்ட பொடியாக் கொட்டுண்டுது, உள்ளுக்கு நாலு ஓட்டை வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. ஐயா சொன்ன பிளாஸ்ரர் சுத்தி, மீற்றர் வைச்ச பம் வாங்கி 85 அடிச்சன் (முந்தி அடிச்சது எவ்வளவு எண்டு அளந்தன், 48!). இதுவரைக்கும் ஒரேயொரு தரம், இரணைமடுக் குளக்கட்டுக்குப் போகேக்க நெருஞ்சி. வெளிப்பக்கம் ஒரு ஓட்டை, வால்வில இருந்து அளந்து பாக்க முள்ளு அப்பிடியே நிண்டது. நிழலில இருந்து நானே ஒட்டினன், அஞ்சு நிமிசம் பொறுக்கேலாமல் மூண்டில வைச்சிட்டன் அக்கா, ஆனா நிக்குது.

ஒட்டுசுட்டான்_அக்கா:
நாளைக்கும் நிக்குதோ பாத்துச் சொல்லுங்கோ.