வயதில் மூத்த நண்பர்கள்: கடலூர், புதுவைப் பக்கத்து மூன்று பேர் சொல்லும் கதைகள்

மஞ்சக்குப்பம், கடலூர்

நான் குடியிருப்பது மாடி போர்ஷன். கீழே வீட்டுக்காரம்மா தனியாக இருக்கிறார். எண்பதைத் தாண்டியாயிற்று. அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர், தெருவுக்கே டீச்சரம்மா. மகன் சென்னையில், மகள் சிங்கப்பூரில். "எங்களோட வந்து இரும்மா" என்று இருவரும் கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். டீச்சரம்மா போவார், ஒரு வாரம் இருப்பார், ஏதாவது ஒரு சாக்கு சொல்லித் திரும்பி வந்துவிடுவார்.

எங்களுக்குள் பழக்கம் ஆனது கணக்கால். நான் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன், பகலில் ஜவுளிக்கடையில் வேலை. மொத்தம் 200 கேள்வியில் கணக்கும் திறனறிவும் 25. தமிழும் பொது அறிவும் எப்படியோ ஓடிவிடும், அந்த 25-ல்தான் கோட்டை விடுவேன். ஒருநாள் படிக்கட்டில் உட்கார்ந்து கூட்டுவட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "ஃபார்முலாவை மூடி வை" என்றார். "ரெண்டு வருஷத்துக்குத் தனிவட்டிக்கும் கூட்டுவட்டிக்கும் என்ன வித்தியாசம்? முதல் வருஷ வட்டிக்குக் கிடைக்கிற வட்டி. அவ்வளவுதான்." இதை ஏன் பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்கு இப்படிச் சொல்லவில்லை என்று இன்னும் கோபம் வருகிறது.

பதிலுக்கு நான் போனில் கரண்ட் பில் கட்டித் தருகிறேன் என்றேன். வேண்டாமாம், கற்றுக்கொடுக்க வேண்டுமாம். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எந்தப் பொத்தானுக்குப் பிறகு எது என்று வரிசையாக எழுதிக்கொண்டார். இப்போது அவரே கட்டுகிறார். பணம் போய்ச் சேர்ந்ததா என்று காட்ட மட்டும் என்னைக் கூப்பிடுவார்.

மகன் ஒருமுறை எனக்குப் போன் செய்து, "அம்மா ஒழுங்கா சாப்பிடறாங்களா, மாத்திரை போடறாங்களான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லும்மா" என்றார். பாசத்தில் கேட்டதுதான். ஆனால் அவர் வீட்டிலேயே அவரை வேவு பார்க்க எனக்கு மனசு வரவில்லை. நேரே டீச்சரம்மாவிடமே போய்ச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "விழுந்தா சொல்லு. ரெண்டு நாளைக்கு மேல ஜுரம்னா சொல்லு. ஊறுகாய் தொட்டேனா இல்லையாங்கிறதை எங்கிட்ட கேக்கச் சொல்லு." ஹாலில் மகன் மாட்டிய கேமரா மேல் இப்போதும் ஒரு ஈரிழைத் துண்டு தொங்குகிறது. வாசலில் இருக்கிற கேமராவுக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் மோட்டார். மாடிக்குத் தண்ணீர் ஏற்றுவது வீட்டுக்காரர் என்ற முறையில் அவர் வேலை, தினமும் காலை ஆறு மணிக்கு. "ஆறரை வரைக்கும் மோட்டார் சத்தம் கேக்கலைன்னா இறங்கி வந்து பாரு. யாருக்கும் போன் பண்ணாத, முதல்ல நீ வந்து பாரு." தினம் கதவைத் தட்டி நலம் விசாரித்தால் அவருக்கு எரிச்சல் வரும். மோட்டார் என்றால் அவர் எனக்குத் தண்ணீர் தருகிறார், அந்தச் சத்தத்தில் எனக்கும் சேதி வந்துவிடுகிறது.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மகன் கார் அனுப்புகிறேன் என்றார், இவர் போகவில்லை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயலில் அடிபட்ட ஊர் இது. கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாவிட்டால் கக்கூசுக்குக்கூடத் தண்ணீர் இல்லை என்பது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. முந்தின நாளே அண்டா, குடம், குளிக்கிற பக்கெட், என் சோற்றுப் பானை வரை நிரப்ப வைத்தார். மோட்டார் ஓடாத அந்த நாட்களில் சாவிக்கொத்தால் மாடிப்படிக் கம்பியில் மூன்று தட்டு தட்டுவார். யார் யாரைப் பார்த்துக்கொண்டோம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

வருடாந்திர நேர்காணல் கதையையும் சொல்லிவிடுகிறேன். பென்ஷன் தடைபடாமல் வர, உயிரோடு இருக்கிறேன் என்று வருஷத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். கருவூலத்துக்குப் போகாமல் தபால்காரரே வீட்டுக்கு வந்து கைரேகை எடுக்கும் வசதி இருக்கிறது, 70 ரூபாய் வாங்கினார். சாக்பீஸ் பிடித்துத் தேய்ந்த விரலோ என்னவோ, மிஷின் எதையும் ஏற்கவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் கையை நனைத்துத் துடைத்த பிறகு இடது மோதிர விரலின் ரேகை விழுந்தது. "ஒரு விரல் உயிரோட இருக்கு" என்றார் டீச்சரம்மா. தபால்காரர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

எங்கள் சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்) தாத்தாவும் வருஷா வருஷம் உயிரோடு இருப்பதாகப் பிரான்சுக்குச் சான்று அனுப்புகிறவர்தான். 1962-க்குப் பிறகும் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பம். இளவயதில் அந்த ராணுவத்தில் சேர்ந்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். மகள் பாரிஸ் பக்கம். "அங்க வந்து என்ன பண்றது? கதவைத் திறந்தா குளிரு, மூடினா சுவரு" என்பார்.

நாங்கள் சேர்ந்தது பெத்தாங்க் விளையாட்டில். ஆறிலிருந்து பத்து மீட்டருக்குள் ஒரு சின்ன மரக்குண்டை எறிந்துவிட்டு, இரும்புக் குண்டுகளை அதன் பக்கத்தில் போய் நிற்கிற மாதிரி வீச வேண்டும். ஒரு குண்டு முக்கால் கிலோ வரும். வீசுவது தாத்தாவுக்குச் சுலபம், குனிந்து எடுப்பதுதான் முடியாது. அதற்கு ஒரு கயிற்றின் நுனியில் காந்தம் கட்டிப் பையில் வைத்திருப்பார். நின்ற நிலையிலேயே காந்தத்தை இறக்கி, குண்டு ஒட்டியதும் கையைச் சுண்டித் தூக்கிக்கொள்வார். வயதானவர்கள் நிறையப் பேர் இப்படித்தான் ஆடுகிறார்கள். முதல் நாள் நான் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தேன். வாங்கி மறுபடி மண்ணில் போட்டுவிட்டு, காந்தத்தால் எடுத்தார்!

மஞ்சக்குப்பம் தோழி சொன்னதில் ஒன்று எனக்கு ஒத்துவரவில்லை. விழுந்தால், காய்ச்சல் வந்தால் மட்டும் சொல்வது போதாது. இந்த ஆட்டத்தில் 13 புள்ளி எடுத்தவர் ஜெயிப்பார். புள்ளிக் கணக்கு எப்போதும் தாத்தா தலையில்தான் இருக்கும். போன வருஷம் அவருக்கு அது தடுமாற ஆரம்பித்தது. ஒன்பது என்பார், அடுத்த சுற்றில் ஏழு என்பார். வாரம் ஒருமுறை வீடியோவில் பேசுகிற மகளுக்கு இது தெரியவே தெரியாது, கூட ஆடுகிறவனுக்குத்தான் தெரியும். மகளிடம் போகவில்லை, அவரிடமே சொன்னேன். கத்தினார், ரெண்டு நாள் ஆட வரவில்லை. மூன்றாம் நாள் "எந்த டாக்டர்?" என்று கேட்டார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் வைட்டமின் பி12 ரொம்பக் குறைவு. ஊசி போட்டு, சில மாதத்தில் கணக்கு திரும்பியது. எல்லா மறதியும் இப்படிச் சரியாகாது, தெரியும். ஆனால் வயசானால் மறதி வரும் என்று நாமே முடிவுகட்டிவிட்டால் ஊசியில் தீர்வதும் தீராது. மகளிடம் பிறகு அவரே சொன்னார்.

சைக்கிள் விஷயத்தில் மட்டும் இன்னும் சண்டை நடக்கிறது. விடச் சொல்கிறேன், பிரேக் கட்டை மாற்றி வா என்கிறார்.

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

நான் இந்தக் கதைகளில் வயசானவங்க பக்கத்து ஆள், வயசு 74. போனில் பேசி எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தோழி எதிர்வீட்டுப் பெண், சட்டம் படிக்கிறாள், என்னை அத்தை என்பாள். பெரியவன் பேருக்கு வீட்டை செட்டில்மென்ட் எழுத ஏற்பாடாகி, பத்திரம் தயாராக வந்தது. கையெழுத்துப் போடும் முன்னால் இவளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். "அத்தை, நீங்க இருக்கிற வரைக்கும் இந்த வீட்டில் இருக்கலாம்னு ஒரு வரிகூட இதில் இல்லையே" என்றாள். 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தில் 23-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறதாம். பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, பிள்ளை பார்த்துக்கொள்ளாவிட்டால், கோட்டாட்சியரிடம் மனு கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால் பிறகு வம்பு குறைவு என்றாள். என் ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமை, பராமரிப்பு நிபந்தனை, ரெண்டையும் சேர்த்துத்தான் எழுதினோம். பெரியவனுக்கு முகம் சுருங்கியது. கையெழுத்து ஆன சாயந்திரம் பழையபடி காபி குடித்துவிட்டுத்தான் போனான். இதைப் பெற்ற பிள்ளையிடமோ மருமகளிடமோ கேட்க முடியுமா? வெளி ஆள் என்பதால்தான் அவளிடம் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை திருவந்திபுரம் கோயிலுக்குப் போவோம். டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அதனால் யாரிடமும் காசு கேட்க வேண்டியதில்லை. கஷ்டம் பஸ்ஸின் முதல் படிதான், அவ்வளவு உயரம். எல்லாரும் என் புஜத்தைப் பிடித்துத் தூக்கப் பார்ப்பார்கள், எனக்கு உள்ள நிதானமும் போய்விடும். இவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், "என்னைப் பிடிக்காத, உன் முழங்கையைக் கொடு." நான் பிடித்துக்கொண்டால் எப்போது அழுத்துவது, எப்போது விடுவது என்பது என் கையில். கண்டக்டர் விசில் ஊதினால் ஊதட்டும்.

புதுச்சேரித் தம்பிக்கு ஒரு கேள்வி. அந்தக் கயிறு கட்டின காந்தம் எந்தக் கடையில் கிடைக்கும்? நான் இன்னும் ரவிக்கை தைக்கிறேன், ஊசி கீழே விழுந்தால் பேரன் வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியிருக்கிறது.