‘டாப்ஸ்’ இசையோடு சொல்லப்படும் தந்தை மகன் கதை உண்மையா?

கேள்வி: குறிஞ்சி

வணக்கம். பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போர் பாடத்துக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது, உடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு கதையை அனுப்பினார். 1862ஆம் ஆண்டு, வர்ஜீனியாவில், வடபுலப் படையின் கேப்டன் ஒருவர் இரவில் முனகல் ஒலி கேட்டு, குண்டுகளுக்கிடையே தவழ்ந்து சென்று, காயம்பட்டுக் கிடந்த வீரனைத் தம் முகாமுக்கு இழுத்து வருகிறார். விளக்கொளியில் பார்த்தால், அவன் எதிரிப் படையின் சீருடையில் இறந்து கிடக்கும் அவருடைய சொந்த மகன். தெற்கே இசை படிக்கச் சென்றவன், தந்தைக்குத் தெரிவிக்காமல் அங்கேயே படையில் சேர்ந்திருக்கிறான். அடக்கத்தின்போது வாத்தியக் குழுவை அனுப்ப மேலதிகாரிகள் மறுத்துவிட, பியூகிள் என்னும் சிறு எக்காளத்தை ஊதும் ஒரே ஒரு கலைஞர் மட்டும் வந்து, அந்தப் பையனின் சட்டைப்பையில் கிடைத்த தாளில் இருந்த சுரங்களை வாசிக்கிறார். அமெரிக்க இராணுவ இறுதிச் சடங்குகளில் இன்றும் ஒலிக்கும் ‘டாப்ஸ்’ இப்படித்தான் பிறந்தது என்று கதை முடிகிறது.

படித்து முடித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஆனால் மாணவர்களிடம் சொல்வதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? இது நடந்ததா? நடக்கவில்லை என்றால், இவ்வளவு காலமாக ஏன் சொல்லப்பட்டு வருகிறது?

பதில்: பழைய ஏடு

அம்மா, இது நடக்கவில்லை. கதையில் வழக்கமாகச் சொல்லப்படும் எலிகோம்ப் என்ற பெயருடைய கேப்டன் எவரும் வடபுலப் படையில் இருந்ததாகப் பதிவே இல்லை. இடமும் காலமும் மட்டும் உண்மையானவை. 1862 ஜூலையில், ஏழு நாள் போரில் பின்வாங்கிய வடபுலப் படை ஜேம்ஸ் ஆற்றங்கரையில் ஹாரிசன்ஸ் லேண்டிங் என்ற இடத்தில் தங்கியிருந்தது. அங்கே ஒரு பிரிகேடுக்கு, அதாவது பல ரெஜிமெண்டுகள் சேர்ந்த படைப்பிரிவுக்கு, தலைமை வகித்த ஜெனரல் டேனியல் பட்டர்ஃபீல்டுக்கு, இரவில் விளக்கணைக்கச் சொல்லி ஊதப்பட்ட பழைய அழைப்பு பிடிக்கவில்லை. நாள் முழுவதும் களைத்த வீரர்களை உறங்க அனுப்பும் இசையில் இன்னும் கொஞ்சம் இதம் வேண்டும் என்று அவர் கருதினார்.

ஆலிவர் நார்ட்டன் என்ற பியூகிள் வீரரைக் கூடாரத்துக்கு அழைத்து, ஓர் உறையின் பின்புறத்தில் பென்சிலால் குறித்திருந்த சுரங்களைக் காட்டி ஊதச் சொன்னார். நார்ட்டன் பலமுறை ஊத, பட்டர்ஃபீல்டு கேட்டுக்கேட்டுச் சில சுரங்களை நீட்டினார், சிலவற்றைக் குறுக்கினார். அன்றிரவு அந்த அழைப்பு பிரிகேடின் எல்லையைத் தாண்டியும் கேட்டிருக்கிறது. மறுநாளே அக்கம்பக்கத்துப் பிரிகேடுகளின் பியூகிள் வீரர்கள் வந்து படியெடுத்துச் சென்றார்கள். இதை நார்ட்டனே 1898இல் ஓர் இதழுக்கு எழுதிய கடிதத்தில் விவரித்தார். பட்டர்ஃபீல்டும் அதை உறுதிசெய்தார். அந்தச் சுரங்கள் முற்றிலும் புதியவை அல்ல, பழைய இராணுவ அழைப்பு ஒன்றின் கடைசிப் பகுதியைத் திருத்தி அமைத்தவையே என்று பின்னாளில் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

இறுதிச் சடங்கோடு இது சேர்ந்ததற்கு உருக்கமான காரணம் எதுவும் இல்லை. அதே 1862இல் ஜான் டிட்பால் என்ற பீரங்கிப்படை கேப்டன் தம் வீரர் ஒருவரை அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. வழக்கப்படி மூன்று சுற்றுத் துப்பாக்கி முழங்கினால், அருகிலிருந்த எதிரி சண்டை தொடங்கிவிட்டதாக நினைக்கக்கூடும். ஆகவே துப்பாக்கிக்குப் பதிலாக இந்த அழைப்பை ஊதச் செய்தார். 1891இல் இராணுவ விதிகளிலேயே அது இடம்பெற்றுவிட்டது.

பதில்: எக்காளம்

கல்லூரி நாட்களில் என்.சி.சி. அணியில் பியூகிள் ஊதியவன் என்பதால் ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். ‘டாப்ஸ்’ மொத்தம் 24 சுரங்கள். அவற்றில் வெவ்வேறு சுரத்தானங்கள் நான்கே நான்கு. பியூகிளில் அழுத்துவதற்குக் கட்டைகள் கிடையாது. உதட்டின் இறுக்கமும் மூச்சும்தான் சுரத்தைத் தீர்மானிக்கின்றன. வேகமான அழைப்பில் ஒரு சுரம் பிசகினால் அடுத்தது அதை மூடிவிடும். இதிலோ ஒவ்வொரு சுரமும் தனியாக நின்று ஒலிப்பதால், எந்தப் பிசகும் ஒளிய இடமில்லை.

1963 நவம்பர் 25 அன்று ஆர்லிங்டன் இராணுவக் கல்லறைத் தோட்டத்தில் அதிபர் கென்னடியின் அடக்கத்தின்போது அதுதான் நடந்தது. பியூகிள் வீரர் குளிரில் மணிக்கணக்கில் காத்து நின்றிருந்தார். பக்கத்தில் துப்பாக்கிகள் முழங்கி ஓய்ந்தவுடன் ஊதத் தொடங்கினார். ஆறாவது சுரம் உடைந்தது. குளிரில் உதடு மரத்துப்போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த ஒலிப்பதிவை எப்போது கேட்டாலும் அந்த இடம் வரும்போது என் கை இறுகிவிடும். ஆனால் கேட்ட மக்கள் அதைப் பிழையாகக் கொள்ளவில்லை. நாடே விம்மியது போல இருந்தது என்றார்கள்.

இன்று படையில் பணியாற்றிய, தகுதியுள்ள எவரின் அடக்கத்திலும் குடும்பத்தார் கேட்டால் ‘டாப்ஸ்’ ஒலிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஊதுவதற்குப் போதிய ஆட்கள் இல்லாததால், பியூகிளின் வாய்க்குள் மின்னணுக் கருவியைப் பொருத்திவிடுகிறார்கள். வீரர் பொத்தானை அழுத்திவிட்டு உதட்டில் வைத்தபடி நிற்பார், உள்ளிருந்து பதிவு ஒலிக்கும். அதில் எந்தச் சுரமும் உடையாது. தேவை எனக்குப் புரிகிறது, மனம்தான் ஏற்க மறுக்கிறது. நம் நாட்டு இராணுவச் சடங்குகளில் ஒலிப்பது ‘லாஸ்ட் போஸ்ட்’ என்னும் பிரிட்டிஷ் வழக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பதில்: வைகைக்கரை

தங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். குடும்பங்கள் இரண்டுபட்டது பொய்யல்ல. கென்டக்கியின் செனட்டர் கிரிட்டெண்டனின் ஒரு மகன் வடபுலத்துக்கும் இன்னொரு மகன் தென்புலத்துக்கும் ஜெனரலாக இருந்தார்கள். அதனால்தான் கதை நம்பும்படி இருக்கிறது. ஆனால் அது நிலைத்ததற்கு வேறு காரணம் உண்டு என்பது என் கருத்து. போருக்குப் பிறகு வந்த தலைமுறைகளில் வடக்கும் தெற்கும் சமாதானம் தேடின. பிரிந்த இரத்தம் ஓர் உடலின் மீது அழுது ஒன்றுசேர்கிறது என்று சொல்லும் கதை இரு தரப்புக்கும் வசதியாக இருந்தது. அதில் போர் எதற்காக நடந்தது என்ற கேள்வியே எழுவதில்லை. அடிமைமுறை என்ற சொல் அதில் ஓரிடத்திலும் வராது.

இதற்கு எதிரே உண்மையில் நடந்த ஒன்றை வைத்துப் பாருங்கள். தென்கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில், செல்வந்தர்களின் குதிரைப்பந்தயத் திடலைத் தென்புலத்தார் கைதிகளை அடைக்கும் சிறையாக்கியிருந்தார்கள். அங்கே இறந்த 257 வடபுல வீரர்கள் முறையான கல்லறையின்றிப் புதைக்கப்பட்டிருந்தனர். போர் முடியும் வேளையில், விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் அவர்களைத் தோண்டி எடுத்து வரிசையாக அடக்கம் செய்து, சுற்றிலும் வேலியும் அமைத்தார்கள். 1865 மே 1 அன்று சுமார் 10,000 பேர் அங்கே ஊர்வலமாகச் சென்றனர். முன்வரிசையில் கறுப்பினப் பள்ளிக் குழந்தைகள் கை நிறைய ரோஜாக்களோடு, அடிமைமுறையை எதிர்த்துத் தூக்கிலேறிய ஜான் பிரவுனைப் பற்றிய படைவீரர் பாட்டைப் பாடிக்கொண்டு நடந்தார்கள். இதுவும் இசையோடு கூடிய அடக்கம்தான். இதற்கு அன்றைய செய்தித்தாள்களே சாட்சி. ஆயினும் நூறாண்டுகளுக்கு மேல் இது பொது நினைவில் இல்லாமல் போனது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் டேவிட் பிளைட் என்ற வரலாற்றாசிரியர் ஆவணங்களிலிருந்து மீட்டெடுத்த பிறகே பரவலாகத் தெரியவந்தது. தந்தை மகன் கதை கைமாறிக் கைமாறி மதுரை வரை வருகிறது. இது சார்ல்ஸ்டனிலேயே மறக்கப்பட்டிருந்தது என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

குறிஞ்சி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பையனின் சட்டைப்பையில் இருந்த தாளுக்குப் பதிலாக ஜெனரலின் உறையும் பென்சிலும் இனி என் பாடத்தில் இருக்கும். சார்ல்ஸ்டன் ஊர்வலத்துக்குத் தனியாக ஒரு வகுப்பே ஒதுக்கப் போகிறேன். எக்காளம் ஐயா, 1963ஆம் ஆண்டு ஒலிப்பதிவை மாணவர்களுக்குக் கேட்கக் கொடுத்து, எந்தச் சுரம் உடைகிறது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்ல நினைக்கிறேன். தங்களிடம் இன்னும் அந்தப் பியூகிள் இருந்தால், ஒரு நாள் பள்ளிக்கு வந்து அந்த 24 சுரங்களைப் பிள்ளைகளுக்கு ஊதிக் காட்ட முடியுமா?