ஆறு கேள்வி கேட்டால் மாற்றுத்திறனாளிகளைக் கண்டுபிடித்துவிட முடியுமா?

கொடுங்கையூர்க் களப்பணி:
வடசென்னையில் பெண்களுக்குத் தையல் பயிற்சியும் சிறுகடனும் தருகிற ஒரு திட்டத்தில் வேலை செய்கிறேன். வெளிநாட்டு நிதியில் நடப்பது. இனி சேருகிற ஒவ்வொருவரிடமும், மாற்றுத்திறனாளிகளை எண்ணும் முறைகளை வகுக்கிற ஐ.நா. சார்ந்த 'வாஷிங்டன் குழு' தந்த ஆறு கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது. பார்ப்பது, கேட்பது, நடப்பது, நினைவில் வைப்பது, தானே குளித்து உடுத்துவது, பேசிப் புரியவைப்பது ஆகியவற்றில் சிரமம் உண்டா என்று கேட்க வேண்டும். பதில் நான்கில் ஒன்று: சிரமமில்லை, கொஞ்சம் சிரமம், மிகுந்த சிரமம், முடியவே முடியாது. கடைசி இரண்டில் ஒன்றை ஒரே ஒரு கேள்விக்குச் சொன்னாலும் அவர் மாற்றுத்திறனாளிக் கணக்கில் சேர்ந்துவிடுவார்.

இதை நான் எதிர்க்கிறேன். மருத்துவர் பார்த்துக் கொடுக்கிற சான்றிதழ் இருக்கிறது, அடையாள அட்டை இருக்கிறது. மூட்டுவலிக்காரர் ஒருவர் படி ஏற மிகவும் சிரமம் என்பார். போலியோவால் கால் சூம்பிய பெண்ணும் அவரும் அறிக்கையில் ஒன்றாகிவிடுவார்கள். எண்ணிக்கை ஏறும், அந்தப் பெண் மட்டும் வீட்டிலேயே இருப்பாள்.

ஓய்வுபெற்ற புள்ளியியலாளர்:
ஐயா, பழைய முறையை அவ்வளவு நம்பாதீர்கள். 2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 16.42 லட்சம். 2011இல் 11.79 லட்சம். அந்தப் பத்தாண்டில் மாநில மக்கள்தொகையோ 6.24 கோடியிலிருந்து 7.21 கோடியாக உயர்ந்தது. குறைந்த நாலரை லட்சம் பேர் குணமாகிவிட்டார்களா? பார்வைக் குறைபாட்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். 2001இல் ஒன்பதரை லட்சத்துக்கு மேல், 2011இல் ஒன்றேகால் லட்சம்தான். ஒரு கண்ணில் பார்வை இல்லாதவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது போன்ற வரையறைகள் இரண்டு கணக்கெடுப்புக்கும் இடையே மாறின. யார் உள்ளே, யார் வெளியே என்பதை மேசையில் உட்கார்ந்து எழுதிய ஒரு வரி தீர்மானித்தது.

2011இல் இந்தியா முழுவதற்கும் 2.21 சதவீதம். உலகச் சுகாதார நிறுவனம் உலக அளவில் 16 சதவீதம் என்கிறது. இலங்கை 2012இல் சிரமத்தைக் கேட்கும் முறையில் எண்ணியபோது ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதம் வந்தது. பாக் நீரிணையைத் தாண்டினால் உடம்பு அவ்வளவு மாறிவிடாது, கேள்விதான் மாறுகிறது.

கொடுங்கையூர்க் களப்பணி:
இலங்கைக் கணக்கில் 'கொஞ்சம் சிரமம்' என்றவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். அதை நம் 2.21க்குப் பக்கத்தில் வைப்பது நியாயமே இல்லை. 16 சதவீதத்தில் முதியோர் பெரும் பங்கு. தையல் படிக்க வருகிறவர்கள் இருபதிலிருந்து நாற்பது வயதுப் பெண்கள்.

பெரம்பூர் அம்மா:
என் மகனுக்கு ஆட்டிசம், வயது ஒன்பது. கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்றபடியே, "வீட்டில் மாற்றுத்திறனாளி யாராவது உண்டா?" என்று கேட்டார். என் மாமியார் "அப்படியெல்லாம் யாரும் இல்லை" என்று சொல்லிவிட்டார். அப்போது நாத்தனாருக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். கதவுக்குப் பின்னால் மகன் பாட்டில் மூடிகளை நிறவாரியாக வரிசை கட்டிக்கொண்டிருந்தான்.

நண்பனோடு பழகச் சிரமமா, பழக்கம் மாறினால் தாங்க முடியாமல் போகிறதா என்று கேட்டிருந்தால் மாமியாரே மணிக்கணக்கில் சொல்லியிருப்பார். இரண்டு முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கென்று யுனிசெப்பும் வாஷிங்டன் குழுவும் சேர்ந்து 2016இல் அப்படித் தனிக் கேள்விகள் வெளியிட்டன. பெரியவர்களுக்கான ஆறில் என் மகனைப் போன்றவர்கள் எளிதாக விடுபட்டுப் போவார்கள். மனச்சோர்வில் முடங்கிக் கிடப்பவர்களும் அப்படியே. ஆகவே இந்த ஆறே போதும் என்று யாரும் சொல்லாதீர்கள்.

சைதை சக்கரநாற்காலி:
எத்தனை பேர் என்பதிலேயே எல்லோரும் நிற்கிறீர்கள். சேர்ந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று யார் எண்ணுகிறார்கள்?

மெரினாவில் சக்கரநாற்காலியில் கடல்வரை போக 2022 நவம்பரில் மரப்பாதை திறந்தார்கள். எனக்கு அது பெரிய மகிழ்ச்சி. மறுமாதமே மாண்டஸ் புயலில் சேதமானது, பிறகு சரிசெய்தார்கள். 'பாதை கட்டப்பட்டது' என்ற வரி இடைப்பட்ட நாட்களிலும் அறிக்கையில் சரியாகவே இருந்திருக்கும். அந்த நாட்களில் கடலைத் தொட முடியாதவர்களை அந்த வரி காட்டாது.

உதவி தரும் நாடுகளுக்குப் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு (OECD) 2018இல், திட்டம் மாற்றுத்திறனாளிகளைக் கருத்தில் கொள்கிறதா என்று காட்ட ஒரு குறியீடு கொண்டுவந்தது. திட்டத்துக்குப் பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று மதிப்பெண். அது திட்டத்தின் நோக்கத்துக்குப் போடுகிற மதிப்பெண். நோக்கம் நிறைவேறியதா என்பதை அது சொல்லாது. சான்றிதழும் சொல்லாது. அதில் குறைபாடு நாற்பது சதவீதம் என்று இருந்தால்தான் பெரும்பாலான சலுகை. சான்றிதழை வாங்க ஒரு நாள் கூலியும் ஆட்டோ காசும் போகிறது, முதலில் விடுபடுகிறவர்கள் ஏழைகள்தான்.

ஆறு கேள்வியை எல்லோரிடமும் கேட்பதில் எனக்குத் தெரிகிற ஒரே பெரிய பயன் ஒப்பிட முடிவதுதான். சிரமம் உள்ளவர்களில் எத்தனை பேர் பயிற்சியைப் பாதியில் விட்டார்கள், மற்றவர்களில் எத்தனை பேர்? கடன் எவ்வளவு கிடைத்தது? இந்த இடைவெளி குறைந்தால்தான் திட்டம் எங்களையும் உள்ளடக்குகிறது என்பேன்.

கொடுங்கையூர்க் களப்பணி:
ஒப்பீடு சரி. கேள்வி எங்கே கேட்கப்படுகிறது என்பதையும் பாருங்கள். சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் பதினைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். "நினைவில் வைத்துக்கொள்வதில் சிரமமா?" என்று நான் கேட்டால், கடன் மறுத்துவிடுவார்கள் என்று பயந்து எல்லோரும் "இல்லை" என்பார்கள். பக்கத்துவீட்டுக்காரி முன்னால் தன் காது மந்தம் என்று யார் சொல்வார்? அந்தப் பதிலை வைத்து எதை எதோடு ஒப்பிடுவீர்கள்?

ஓய்வுபெற்ற புள்ளியியலாளர்:
நியாயமான அச்சம். கேள்வியைத் தனியாக, கடன் ஒப்புதலான பிறகு கேளுங்கள். பதில் தாள் கடன் பிரிவுக்குப் போகக் கூடாது. 'மிகுந்த சிரமம்' என்றவரிடம் சான்றிதழ் இருக்கிறதா என்று அடுத்த வரியில் பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் வாங்கித் தர உதவுங்கள். சான்றிதழ் உரிமைக்கு, ஆறு கேள்வி திட்டத்தைச் சோதிக்க. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

சைதை சக்கரநாற்காலி:
களப்பணி நண்பரே, உங்கள் பயிற்சி எந்தத் தளத்தில் நடக்கிறது?

கொடுங்கையூர்க் களப்பணி:
முதல் மாடி. லிஃப்ட் இல்லை. கீழே இருக்கிற சமுதாயக் கூடத்தை வாரம் மூன்று நாள் கேட்டு எழுதியிருக்கிறோம், பதில் வரவில்லை. கேள்விகளைத் தனியாகக் கேட்க ஒப்புக்கொள்கிறேன், குழுக் கூட்டத்தில் கேட்க மாட்டேன். எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணை மட்டும் வைத்து எங்களை மதிப்பிட்டால், அதையும் எதிர்த்து எழுதுவேன்.

பெரம்பூர் அம்மா:
கூடம் கேட்டு எழுதிய மனுவின் நகலை இங்கே போடுங்கள். எங்கள் பெற்றோர் குழுவில் கையெழுத்து வாங்கித் தருகிறேன்.