உல்வாவில் டிஎம்எஸ்பி, ஆஸ்பராகோப்சிஸில் புரோமோஃபார்ம்: அளவு ஏன் நிலையாக வருவதில்லை?

உல்வா_ஆய்வு கேட்டது:

மண்டபம் கரையில் எடுத்த உல்வா என்ற பச்சைக் கடல்பாசியில் டிஎம்எஸ்பி-யும் (டைமெத்தில்சல்போனியோபுரோபியனேட் என்ற கந்தகச் சேர்மம்), தொட்டியில் வளரும் ஆஸ்பராகோப்சிஸ் டாக்ஸிஃபார்மிஸ் என்ற சிவப்புக் கடல்பாசியில் புரோமோஃபார்மும் (புரோமின் உள்ள, ஆவியாகும் சேர்மம்) அளக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே முறைதான்: குழாய்த் தண்ணீரில் அலசி, 60 டிகிரி ஓவனில் ஒரு நாள் உலர்த்தி, பொடித்து, 50 மி.கி. பொடியை 20 மி.லி. சீசாவில் 2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடோடு மூடி, மறுநாள் மேல்வெளி வாயுவை ஜிசிக்கு (வாயு நிறப்பிரிகைக் கருவி) எடுக்கிறேன். காரத்தில் டிஎம்எஸ்பி பிளந்து வரும் டிஎம்எஸ்-க்கு (டைமெத்தில் சல்பைடு) எஃப்பிடி (சுடர் ஒளி உணரி), புரோமோஃபார்முக்கு ஈசிடி (எலக்ட்ரான் கவர்வு உணரி).

ஒரே கொத்து உல்வாவின் பிரதிகளுக்குள் பீக் பரப்பு மூன்று மடங்கு வேறுபடுகிறது. ஆஸ்பராகோப்சிஸில் புரோமோஃபார்ம் பீக்கே இல்லை. ஆனால் உல்வாவை அலசிய தண்ணீரில் அது தெளிவாகத் தெரிகிறது! எங்கே தப்பு?

ஜிசி_மேசை பதில்:

முதலில் எஃப்பிடி. கந்தகத்துக்கு அது நேர்க்கோட்டில் பதில் தராது. பரப்பு ஏறக்குறைய அளவின் இருமடிக்கு ஏற்ப உயரும். ஆகவே பரப்பில் மூன்று மடங்கு என்றால் டிஎம்எஸ்-இல் வேறுபாடு சுமார் 1.7 மடங்குதான். தெரிந்த அளவுகளை வைத்து வரையும் அளவுக்கோட்டை மடக்கை-மடக்கை வரைபடத்தில் போடுங்கள். கருவியே வர்க்கமூலம் எடுத்துத் தரும் அமைப்பு இயங்குகிறதா என்பதையும் பாருங்கள். அதோடு நீங்களும் திருத்தினால் கணக்கு இரண்டு தடவை மாறிவிடும்.

மீதி வேறுபாடு குழாய்த் தண்ணீரிலும் ஓவனிலும் வருகிறது. நன்னீர் பட்டதும் செல்கள் ஊடுகலப்பு அதிர்ச்சியில் கசியும், டிஎம்எஸ்பி தண்ணீரோடு போய்விடும். உடைந்த செல்லில் லையேஸ் நொதி டிஎம்எஸ்பி-யைச் சந்தித்தால் டிஎம்எஸ்-ஆகவும் அக்ரிலேட்டாகவும் பிளக்கும். டிஎம்எஸ் கொதிப்பதே 37 டிகிரியில். 60 டிகிரி ஓவனில் அது தங்காது. ஒவ்வொரு துண்டும் காயும் வேகம் வேறு என்பதால் இழப்பும் வேறு.

உலர்த்தவே வேண்டாம். வடிகட்டிய கடல்நீரில் அலசி, டிஷ்யூவில் ஒற்றி (பிழியக் கூடாது), 20 மி.கி. ஈரப்பாசியை நறுக்காமல் முழுத் துண்டாகச் சீசாவில் போடுங்கள். 1 மி.லி. கடல்நீர், மேலே 2 மி.லி. காரம், உடனே மூடி. டெஃப்லான் முகம் உள்பக்கம் இருக்கும் செப்டம்தான் (மூடியில் ஊசி குத்தும் அடைப்பு) வேண்டும். வெறும் ரப்பர் டிஎம்எஸ்-ஐ உறிஞ்சும். அறை வெப்பத்தில், இருட்டில் 24 மணி நேரம். பிறகு 100 மைக்ரோலிட்டர் வாயுவை, காற்றுப்புகாத சிரிஞ்சில். உலர் எடைக்கு அதே தாலசின் (பாசி உடலின்) பக்கத்துத் துண்டைக் காயவையுங்கள்.

தரநிலைக்கு டிஎம்எஸ்பி ஹைட்ரோகுளோரைடு 17.07 மி.கி.யை 10 மி.லி. நீரில் கரைத்தால் 10 மில்லிமோலார். அதில் 10 முதல் 200 மைக்ரோலிட்டர் வரை எடுத்தால் சீசாவுக்கு 0.1 முதல் 2 மைக்ரோமோல். பாசிச் சீசாவில் உள்ள அதே கடல்நீர், அதே காரம், அதே மொத்தக் கன அளவு இங்கும் இருக்கட்டும். அப்போதுதான் திரவத்துக்கும் வாயுவுக்கும் டிஎம்எஸ் பங்கிடப்படும் விகிதம் இரண்டிலும் ஒன்றாகும்.

செம்பாசி பதில்:

புரோமோஃபார்முக்கு அந்தக் காரச் சீசா ஆகாது. வலுவான காரம் அதையே சிதைக்கும். அதற்கு முன்பே ஓவனில் பெரும்பங்கு ஆவியாகியிருக்கும். கொதிநிலை 149 டிகிரி என்பதை நம்பி ஏமாறக் கூடாது.

ஆஸ்பராகோப்சிஸ் இதைச் சுரப்பிச் செல்களில் சேர்த்துவைக்கிறது. அவை உடையாமல் காப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எடுத்தவுடன் கடல்நீரில் ஒரு முக்கு, ஒற்றி எடுத்து திரவ நைட்ரஜனிலோ மைனஸ் 80-இலோ உறையவைத்து, இடையில் ஒருமுறைகூட உருகவிடாமல் உறைநிலை உலர்த்தல். பிறகு 100 மி.கி. பொடியைக் குளிர்ந்த மெத்தனால் 10 மி.லி.யில், உள்தரநிலையாக (ஒப்பிடத் தெரிந்த அளவில் சேர்க்கும் பொருளாக) நாப்தலீன் சேர்த்து, பழுப்புச் சீசாவில் 4 டிகிரியில் மூன்று நாள். அதே பொடியை இன்னொரு முறை பிரித்தெடுத்து மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். ஜிசி-எம்எஸ் (நிறை அளவியோடு இணைந்த ஜிசி) கிடைத்தால் 171, 173, 175 அயனிகளை 1:2:1 விகிதத்தில் தேடுங்கள். அந்த விகிதம் குலைந்தால் பீக்கோடு வேறு எதோ கலந்திருக்கிறது. வாங்கும் புரோமோஃபார்மில் நிலைப்படுத்த எத்தனால் சேர்த்திருப்பார்கள், லேபிளில் உள்ள தூய்மைக்கு ஏற்பக் கணக்கைத் திருத்துங்கள். கல்லீரலுக்குக் கேடு, புகைப்பெட்டிக்கு வெளியே திறக்காதீர்கள்.

அலசிய தண்ணீர் விஷயம்: குழாய்த் தண்ணீரின் குளோரினைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 65 மி.கி. புரோமைடு உண்டு. குளோரின் அதை ஹைப்போபுரோமஸ் அமிலமாக்கும், அது பாசி கசியவிட்ட கரிமப் பொருளோடு சேர்ந்து புரோமோஃபார்ம் தரும். பாசியின் புரோமோபெராக்சிடேஸ் நொதி ஹைட்ரஜன் பெராக்சைடை வைத்துச் செய்யும் அதே வேதியியல், இங்கே நொதியில்லாமல் நடக்கிறது. உல்வாவும் கொஞ்சம் வெளியிடும் என்பதால், குளோரின் இல்லாத வடிகட்டிய கடல்நீரில் அலசி ஒப்பிடுங்கள். குழாய்த் தண்ணீரை மட்டும் வெற்றுச் சோதனையாக ஓட்டுங்கள், அதிலேயே கொஞ்சம் இருக்கலாம். தொட்டியை பிளீச்சிங் போட்டுக் கழுவியிருந்தால் சோடியம் தயோசல்பேட்டால் குளோரினை நீக்கிய பிறகுதான் ஆஸ்பராகோப்சிஸை விட வேண்டும்.

உல்வா_ஆய்வு:

மிக்க நன்றி, இருவருக்கும். இன்னொன்று: சிஎச்என்எஸ் கருவியில் (கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், கந்தகம் அளப்பது) உல்வாவின் மொத்தக் கந்தகம் 4 சதவீதம். டிஎம்எஸ்பி உலர் கிராமுக்கு 60 மைக்ரோமோல்தான். காரத்தில் முழுதாகப் பிளக்கவில்லையோ?

ஜிசி_மேசை:

பிளந்திருக்கும். 60 மைக்ரோமோல் என்றால் கந்தகம் 1.9 மி.கி., அதாவது 0.19 சதவீதம். மீதி பெரும்பாலும் உல்வானில், அந்தச் செல்சுவர்ச் சர்க்கரையில் எஸ்டராக ஒட்டியிருக்கும் சல்பேட். குளிர்ந்த காரம் அதிலிருந்து டிஎம்எஸ் தராது. ஓரளவு புரதத்தில் இருக்கும், ஓரளவு ஒட்டிய கடல் உப்பு. கடல்நீரிலேயே லிட்டருக்கு 2.7 கிராம் சல்பேட் உள்ளதே.

எஸ்டர் சல்பேட்டைத் தனியே பார்க்க, உல்வானைப் பிரித்து டயாலிசிஸ் செய்து உப்பை ஓட்டுங்கள். பிறகு மூடிய குழாயில் 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு 105 டிகிரியில் 5 மணி நேரம். ஆறியதும் பேரியம் குளோரைடு–ஜெலட்டின் கலங்கல் முறையில் 360 நானோமீட்டரில் அளக்கலாம். பேரியம் குளோரைடு சேர்க்காத ஜெலட்டினோடு ஒரு இணைச் சோதனையும் செய்யுங்கள்: அமிலத்தில் கருகிய சர்க்கரையின் நிறமும் 360-இல் உறிஞ்சும், அதைக் கழிக்காவிட்டால் சல்பேட் கூடுதலாக வரும்.