லெப்டோஸ்பைராவில் 80 கிலோடால்டன் இழைப் புரதப் பட்டை தெரியவில்லை: உதவி தேவை

கேள்வி: முதுகலை மாணவி, ஈரோடு

வணக்கம். எங்கள் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் எலிக்காய்ச்சலைப் பற்றி அடிக்கடி விசாரிப்பதால், அதை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா என்ற சுருள் வடிவ பாக்டீரியா இனத்தில் நோய் உண்டாக்காத வகையான லெப்டோஸ்பைரா பைஃப்ளெக்சாவை என் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். ட்ரைட்டான் எக்ஸ்-100 கொண்டு வெளிச்சவ்வை நீக்கி, லைசோசைமால் செல்சுவரைக் கரைத்து, மையவிலக்கியில் படிந்த இழைகளை, புரதங்களை எடைவாரியாகப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டினேன். ட்ரெபோனிமா என்ற மற்றொரு சுருள் பாக்டீரியாவில் உள்ள, சுமார் 80 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) எடை கொண்ட சிஎஃப்பிஏ என்ற இழைப் புரதம் தெரியும் என்று எதிர்பார்த்தேன். மூன்று முறை ஓட்டியும் 35 கிலோடால்டனுக்கு அருகே தடித்த பட்டை ஒன்றுதான் வருகிறது. புரதம் சிதைந்துவிடுகிறதா?

பதில்: ஆய்வகப் பணியாளர், நாமக்கல்

சிதையவில்லை, தங்கச்சி, இல்லாததைத் தேடியிருக்கிறீர்கள். சிஎஃப்பிஏ ட்ரெபோனிமா இனத்துக்கே உரியது; உட்சவ்வுக்குக் கீழே, செல்லின் உள்ளேயே நாடா போல நீளவாக்கில் ஓடுகிறது. ட்ரெபோனிமா டென்டிகோலாவில் அந்த மரபணுவை நீக்கியபோது செல்கள் சரிவரப் பிரியாமல் சங்கிலியாக நின்றன.

உங்களுக்குக் கிடைத்திருப்பது இரு சவ்வுகளுக்கும் இடையே கிடந்து, செல் நீந்த உதவும் கசையிழை. பாடநூல்கள் இரண்டையும் 'உள் இழை' என்றே எழுதிக் குழப்புகின்றன என்பது என் பழைய மனக்குறை. லெப்டோஸ்பைராவில் ஒவ்வொரு முனையிலும் இத்தகைய கசையிழை ஒன்றுதான் உண்டு. அதன் நடுத்தண்டு ஃபிளாபி புரதத்தால் ஆனது. மேலே ஃபிளாஏ, எஃப்சிபிஏ, எஃப்சிபிபி ஆகிய உறைப் புரதங்கள் போர்த்தியிருக்கின்றன. அவை சுற்றிலும் ஒரே சீராக அமையாமல், வளைவின் ஒரு பக்கத்தில் ஒன்றும் எதிர்ப்பக்கத்தில் வேறொன்றுமாக அமைவதால் இழையே சுருண்டுகொள்கிறது. ஒரு புரியை மட்டும் இறுக்கித் திரித்த பொள்ளாச்சித் தேங்காய்நார்க் கயிறு தானே முறுக்கிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

ஃபிளாபியும் எஃப்சிபிஏவும் ஏறத்தாழ ஒரே எடை கொண்டவை. ஆகவே உங்கள் தடித்த பட்டைக்குள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கலாம். புரத அளவைக் குறைத்து, நீண்ட ஜெல்லில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பிறகு பட்டையை வெட்டி, எந்தப் புரதம் என்று அடையாளம் காட்டும் நிறை நிரல் சோதனைக்கு அனுப்புங்கள்.

கேள்வியாளர்:

நன்றி அண்ணா. அப்படியானால் செல்லின் சுருள் வடிவத்துக்கும் இந்தக் கசையிழைதான் காரணமா?

பதில்: கல்லூரி ஆசிரியர், கோவை

அதற்கு இனத்துக்கு இனம் விடை மாறும், அம்மா. லைம் நோயை உண்டாக்கும் பொரேலியாவில் ஃபிளாபியை நீக்கினால் செல் நேரான கோலாகிவிடுகிறது, ஏனெனில் அங்கே இரு முனைகளிலிருந்தும் வரும் பல கசையிழைகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து உடல் முழுவதையும் வளைக்கின்றன. லெப்டோஸ்பைராவின் கசையிழை குட்டையானது. அதை நீக்கினாலும் உடலின் நெருக்கமான சுருள் அப்படியே இருக்கும், முனையிலுள்ள கொக்கி வளைவு மட்டும் மறையும், நீந்தும் திறனும் போய்விடும். நிறை நிரல் முடிவு வந்ததும் இங்கேயே பதிவிடுங்கள்.